உயிர்க்கரி: எரிப்பது முதல் வேருக்கடியில் இடுவது வரை முழுமையான வழிகாட்டி

கரியை உடைத்து அப்படியே நிலத்தில் கொட்டினால் முதல் போகத்தில் பயிர் வெளுத்துப் போகலாம். மண்ணில் இடுவதற்காகவே செய்யும் கரியான உயிர்க்கரியைக் கேள்விப்பட்டு, ஆசையாகச் செய்து இட்டவர்களில் பலர் அதைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். குறை பெரும்பாலும் கரியில் இருக்காது. பசியோடு இருக்கும் கரியை, சாப்பாடு போடாமல் மண்ணுக்குள் அனுப்பியதுதான் குறை. மண்ணில் இருந்த தழைச்சத்தைப் பயிருக்கு முன்னால் அது எடுத்துக்கொள்கிறது.

கரி உரம் அல்ல, உரத்தைப் பிடித்து வைக்கும் பாத்திரம் என்று வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்பது எளிதில் புரியும்.

மண்ணுக்குள் கரி செய்யும் வேலை

மரத்தைக் காற்று அதிகம் இல்லாமல் 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அதிலிருக்கும் ஈரமும் ஆவியாகும் பொருள்களும் வாயுவாக வெளியேறி, கரிமச் சட்டகம் மட்டும் நிற்கும். மரம் உயிரோடு இருந்தபோது நீரேற்றிய குழாய்களின் சுவர்கள் அந்தச் சட்டகத்தில் அப்படியே இருக்கும். நல்ல மரக்கரி ஒரு கிராமை எடுத்தால் அதன் உள்பரப்பு நூறு சதுர மீட்டரைத் தாண்டுவதுண்டு. அந்த நுண்துளைகளில் தண்ணீர் நிற்கிறது, நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. கரியின் மேற்பரப்பு காலப்போக்கில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மின்னூட்டம் பெறுகிறது. அதன் பிறகு அமோனியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவை மழையில் அடித்துக்கொண்டு போகாமல் அங்கே ஒட்டிக்கொள்ளும். "காலப்போக்கில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். புதுக்கரிக்கு இந்தத் திறன் குறைவு.

அமேசான் காடுகளில் 'டெர்ரா பிரேட்டா' என்று அழைக்கப்படும் கறுப்பு மண்ணைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன் அங்கு வாழ்ந்தவர்கள் உருவாக்கிய மண் அது. இன்றும் சுற்றியுள்ள வெளிறிய மண்ணைவிட வளமாக இருக்கிறது. அந்த மண்ணில் கரி மட்டும் கிடக்கவில்லை. எலும்பு, மீன் கழிவு, சமையல் கழிவு, மனிதக் கழிவு, உடைந்த மண்பாண்ட ஓடு எல்லாம் கலந்து கிடக்கின்றன. கரியை மட்டும் போட்டு அந்த மண்ணை எதிர்பார்ப்பது பாத்திரத்தை மட்டும் வைத்துவிட்டுச் சோற்றை எதிர்பார்ப்பது போல.

உங்கள் மண்ணுக்கு இது தேவையா?

மண் பரிசோதனை செய்யாமல் தொடங்க வேண்டாம். குறைந்தது பி.எச். அளவும் உப்பு அளவும், அதாவது மின்கடத்தும் திறனும், கையில் இருக்க வேண்டும்.

புளிப்புத் தன்மையுள்ள, மணற்பாங்கான, கரிமச்சத்து குறைந்த மண்ணில்தான் உயிர்க்கரி நன்றாக வேலை செய்யும். பெரும்பாலான கரி காரத்தன்மை உடையது, பி.எச். 8 முதல் 10 வரை இருக்கும். அதனால் புளித்த மண்ணில் அது கொஞ்சம் சுண்ணாம்பு இட்டதுபோலவும் செயல்படும். உலகம் முழுவதும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, வெப்பமண்டலப் பகுதிகளில் சராசரியாக 25 சதவீதம் விளைச்சல் கூடியதாகவும், மிதவெப்பப் பகுதிகளில் சராசரியில் எந்தக் கூடுதலும் இல்லை என்றும் சொன்னது. வெப்பமண்டல மண்கள் பொதுவாகப் புளிப்பும் சத்துக்குறைவும் கொண்டவை. மிதவெப்ப நாட்டு வயல்களில் ஏற்கெனவே சுண்ணாம்பும் உரமும் தாராளமாக இருக்கின்றன. வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பி.எச். 7.5-க்கு மேல் இருக்கும் சுண்ணாம்பு மண்ணில் கரியை அள்ளிப் போட்டால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை மேலும் கட்டுண்டு போகும். மணிச்சத்தும் எளிதில் கிடைக்காது. இப்படிப்பட்ட மண்ணில் கரி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சமாக, நன்றாக மட்கில் ஊறிய கரியை வேர் பகுதியில் மட்டும் இடலாம், அவ்வளவுதான். கனத்த களிமண்ணில் நீர்ப்பிடிப்புக்காக இது தேவையில்லை. மண்ணைப் பொலபொலப்பாக்குவதற்கு ஓரளவு உதவும்.

எதை எரிக்கலாம், எதை எரிக்கக் கூடாது

கிளைகள், கவாத்துக் கழிவு, மக்காச்சோளக் கட்டை, பருத்தி மார், தேங்காய்ச் சிரட்டை, மூங்கில், களைச்செடியாக மண்டிய முட்புதர் எல்லாம் நல்ல மூலப்பொருள்கள். உமிக்கரியும் நன்று. அதில் சாம்பலும் சிலிக்காவும் அதிகம், கரிமம் குறைவு. நாற்றங்கால் கலவைக்கு அது பொருத்தம். கோழி எருவைக் கரியாக்கினால் மணிச்சத்து நிறைய இருக்கும், உப்பும் நிறைய இருக்கும். அதைக் கொஞ்சமாகவே பயன்படுத்த வேண்டும்.

பெயின்ட் அடித்த பலகை, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம், பிளைவுட், பிளாஸ்டிக் கலந்த குப்பை ஆகியவற்றைத் தொடவே கூடாது. மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக், குரோமியம், தாமிரம் இருக்கலாம். எரித்தாலும் அவை முழுதும் போகாது, கரியில் செறிந்து நிற்கும். கடல்நீரில் ஊறி ஒதுங்கிய மரமும் வேண்டாம், உப்பின் குளோரின் டையாக்சின் என்ற நச்சுப்பொருளுக்கு வழிவிடும்.

ஒரு விஷயத்தில் கறாராக இருப்பது நல்லது. இலை, வைக்கோல், பசுந்தழை ஆகியவை மூடாக்காகவோ மட்காகவோ மண்ணுக்குப் போகட்டும். மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் அதுதான் சாப்பாடு. மட்குவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் கட்டைகளையும் சிரட்டைகளையும் மட்டும் கரியாக்குங்கள்.

விறகின் ஈரம் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் விரல் பருமன் குச்சியை ஒடித்துப் பாருங்கள். "பட்" என்று ஒடிந்தால் சரி. வளைந்து நார் நாராகக் கிழிந்தால் இன்னும் இரண்டு மூன்று வாரம் வெயிலில் கிடக்கட்டும். ஈர விறகு தரும் புகைதான் கரியில் தாராகப் படியும்.

கூம்புக் குழியில் எரிக்கும் முறை

மூடி இல்லை, புகைபோக்கி இல்லை, செலவும் இல்லை. 2014 வாக்கில் 'கோன்-டிகி' என்ற பெயரில் இரும்புக் கூம்பு உலையாகப் பரவிய உத்திதான் இது. அதையே மண் குழியில் செய்யலாம். இதன் தந்திரம் தீத்திரை. மேல்பரப்பில் எரியும் தீ, இறங்கி வரும் காற்றின் ஆக்சிஜனைத் தானே தின்றுவிடும். அதற்குக் கீழே கிடக்கும் கரிக்குக் காற்று மிஞ்சாது. கீழிருந்து எழும் புகையும் அந்தத் தீயைத் தாண்டும்போது எரிந்துபோகும். அதனால்தான் சரியாக எரியும் குழியில் புகை மிகக் குறைவு.

குழியின் வாய் அகலம் 1 மீட்டர், ஆழம் 60 செ.மீ., அடி அகலம் 25 செ.மீ. பக்கச் சுவர் சரிவாக, வழுவழுப்பாக இருக்கட்டும். நேர்ச்சுவர் வைத்தால் ஓரங்களில் காற்று இறங்கிக் கரி சாம்பலாகும். சரிந்து விழும் மண்ணாக இருந்தால் சுவரில் களிமண் பூசிக் காயவிடுங்கள். இந்த அளவுக் குழிக்கு 150 முதல் 180 கிலோ காய்ந்த விறகு பிடிக்கும், 30 முதல் 40 கிலோ கரி கிடைக்கும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முதல் இரண்டரை மணி நேரமாகும். தீ மூட்டும் முன்பே 150 லிட்டர் தண்ணீரைக் குழிக்கு அருகில் நிரப்பி வையுங்கள். பாதியில் தண்ணீர் தேடி ஓடினால், திரும்பி வரும்போது பாதிக் கரி சாம்பலாகியிருக்கும்.

1. அடியில் குச்சிகளைச் சதுரமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, கிணறு போல 40 செ.மீ. உயரத்துக்கு அடுக்குங்கள். உச்சியில் காய்ந்த சருகு வைத்து மேலிருந்து பற்ற வையுங்கள். கீழிருந்து பற்ற வைத்தால் முதல் பத்து நிமிடமும் புகைதான்.

2. அடுக்கு சரிந்து தணலாக விழுந்ததும் அதைக் குழியின் அடி முழுவதும் பரப்பிவிட்டு, விரல் பருமன் குச்சிகளை ஒரு அடுக்கு போடுங்கள்.

3. இனிமேல் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மேல் அடுக்கிலுள்ள குச்சியின் விளிம்பு. முதலில் கறுக்கும், பிறகு செந்தணலாகும், பிறகு விளிம்பில் மெல்லிய வெண்சாம்பல் பூக்கும். சாம்பல் பூக்கத் தொடங்கிய கணம்தான் அடுத்த அடுக்குப் போடும் நேரம். முந்திப் போட்டால் தீ அடங்கிப் புகை கிளம்பும். பிந்திப் போட்டால் கரி கரைந்துபோகும். பெரும்பாலும் 5 முதல் 8 நிமிடத்துக்கு ஒரு அடுக்கு வரும். கடிகாரத்தை நம்பாதீர்கள், சாம்பலைப் பாருங்கள்.

4. மணிக்கட்டுப் பருமன் கட்டைகளைப் போடுவதாக இருந்தால் குழி கால்வாசி நிறைந்தபின் நடுப்பகுதியில் போடுங்கள். அவை உள்ளே வரை கரியாக நேரம் வேண்டும். கடைசி மூன்று நான்கு அடுக்குகள் மெல்லிய குச்சிகளாகவே இருக்கட்டும். இல்லையென்றால் மேலே பாதி வெந்த கட்டைகள் மிஞ்சும்.

5. குழி நிறைந்து, கடைசி அடுக்கின் மஞ்சள் தீ அடங்கி, சின்னச் சின்ன நீலச் சுடர்கள் தெரியும்போது அணைக்க வேண்டும். நீலச்சுடர் என்றால் இனி வாயு இல்லை, கரியே எரிகிறது என்று அர்த்தம்.

6. தண்ணீரை வாளியால் வீசாமல் மெதுவாக ஊற்றுங்கள். நீராவி முகத்துக்கு வரும். காற்று அடித்துக்கொண்டு போகும் பக்கத்தில் நிற்காதீர்கள். கிளறிக் கிளறி, அடிவரை நனையும்படி ஊற்றுங்கள். மேலே அணைந்ததுபோல இருந்தாலும் அடியில் தணல் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் பற்றாக்குறை என்றால் 10 செ.மீ. மண்ணால் காற்றுப் புகாமல் மூடி ஒரு முழுநாள் விட்டுவிடலாம்.

பலத்த காற்றில் எரிக்காதீர்கள். ஒரு பக்கம் சாம்பலாகும், மறுபக்கம் புகையும். கொட்டகைக்குள், மூடிய இடத்தில் எரிக்கவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும். எரியும்போது குழிக்குள் குனிவதும் கூடாது.

டிரம், உமிக் குவியல்

இடம் இல்லாதவர்களுக்கு 200 லிட்டர் இரும்பு டிரம் போதும். அடித்தட்டில் 10 மி.மீ. துளைகள் சுமார் 40 போட்டு, மூன்று செங்கல் மேல் நிறுத்தி, ஒரே பருமனுள்ள துண்டுகளால் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, உச்சியில் பற்ற வைக்க வேண்டும். மேலே 2 செ.மீ. இடைவெளி விட்டு, 15 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள புகைக்குழாய் பொருத்திய மூடியை வையுங்கள். தீ மேலிருந்து கீழே இறங்கும். டிரம்மின் வெளிச்சுவரில் பெயின்ட் உரியும் கோடு எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தால் தீ எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். அடியை எட்டியதும் டிரம்மைத் தரையில் இறக்கி, அடியில் மண் அணைத்து, மேலே தட்டையான மூடியால் இறுக மூடிவிடுங்கள். துண்டுகள் பொடிப்பொடியாக இருந்தால் காற்று ஏறாமல் தீ பாதியில் சாகும்.

உமிக்கு, துளையிட்ட தகர டப்பாவுக்குள் தணல் வைத்து, அதன் மேல் குழாய் நிறுத்தி, சுற்றிலும் உமியைக் குவிக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே கறுப்பு பரவும். வெளிப்புறத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்ததும் மண்வெட்டியால் வெளி உமியை மேலே தள்ளிக்கொண்டே இருங்கள். முக்கால்வாசிக்கு மேல் கறுத்ததும் தண்ணீர் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் ஆகட்டும்" என்று போனவர் திரும்பி வந்தால் வெள்ளைச் சாம்பல்தான் இருக்கும்.

கரி நல்லதா என்று பார்ப்பது

உலர்ந்த துண்டைக் கல்லின் மேல் போட்டால் கண்ணாடி போலக் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒடித்தால் உட்புறம் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்புக் கோடு தெரிந்தால் அது வேகாத மரம், அடுத்த எரிப்பில் போடுங்கள்.

அடுத்து கை கழுவும் சோதனை. ஒரு சிட்டிகைக் கரித்தூளை உள்ளங்கையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். கறுப்பு ஓடிவிட்டால் நல்லது. எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டால்தான் போகிறது என்றால் தார் படிந்திருக்கிறது. அதில் முளைப்பைக் கெடுக்கும் பொருள்கள் இருக்கும். அந்தக் கரியை மீண்டும் எரிப்பில் சேர்ப்பதே மேல்.

பி.எச். பார்க்க, 10 கிராம் தூளை 200 மி.லி. வாலை வடிநீரில் போட்டு ஒன்றரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிய பிறகு அளவிடுங்கள். 10-ஐத் தாண்டினால் சாம்பல் அதிகம். ஒருமுறை தண்ணீரில் அலசி வடித்தால் குறையும். அலசிய நீரில் பொட்டாசியம் போய்விடும் என்பதால் புளித்த மண்ணுக்கு இதைச் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக விதைச் சோதனை. ஒரு தொட்டியில் வெறும் மண், இன்னொன்றில் பத்தில் ஒரு பங்கு கரி கலந்த மண். இரண்டிலும் இருபது பச்சைப்பயறு ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளைத்த எண்ணிக்கையையும் வேர் நீளத்தையும் ஒப்பிடுங்கள். கரித் தொட்டியில் வேர் நுனி பழுப்பேறிக் குட்டையாக இருந்தால் கரியை அலசி, மறுபடி சோதியுங்கள்.

உடைப்பது

வயலுக்கு 10 மி.மீ.க்குள், நாற்றங்காலுக்கு 2 முதல் 3 மி.மீ.க்குள் இருந்தால் போதும். மாவாக அரைக்க வேண்டாம். காற்றில் பறக்கும், மண்ணின் இடுக்குகளையும் அடைக்கும். ஈரமாக இருக்கும்போதே சாக்கில் கட்டி, மேலே நடந்தோ மரச்சம்மட்டியால் தட்டியோ உடையுங்கள். காய்ந்த கரியை உடைக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. உமிக்கரித் தூளில் சிலிக்கா இருப்பதால் அதில் இன்னும் கவனம் வேண்டும், முகக்கவசம் இல்லாமல் சலிக்காதீர்கள்.

புதுக்கரியை அன்றே மூட்டை கட்டி அடுக்காதீர்கள். உள்ளே ஒரு தணல் துண்டு மிஞ்சியிருந்தால் இரவில் மூட்டையே பற்றும். அணைத்தபின் இரண்டு நாள் மெல்லிய பரப்பாகக் கிடக்கட்டும்.

ஊட்டமேற்றுதல்

இந்த வேலையை அவசரப்படுத்தினால் மற்ற எல்லா உழைப்பும் வீண். கீழே சொல்லும் அளவுகள் உடைத்த கரி 100 லிட்டருக்கு, அதாவது உலர் எடையில் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோவுக்கு.

சிறந்த வழி, மட்குக் குவியல் போடும்போதே கரியையும் சேர்ப்பது. குவியலின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு கரி போதும். 100 லிட்டர் கரிக்குச் சாணமும் தழையும் சேர்ந்து 900 லிட்டர். குவியல் 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும்போது வெளியேறும் அமோனியாவைக் கரி பிடித்துக்கொள்ளும், நாற்றமும் குறையும். இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் மட்கில் கரியை ஒடித்துப் பார்த்தால் துளைகளுக்குள் பழுப்பு நிறப் படலம் படிந்திருக்கும். சத்தைத் தேக்கி, மெதுவாக விடுவது அந்தக் கரிமப் படலம்தான்.

குவியல் போட நேரம் இல்லையா? நன்றாக மட்கிய தொழு உரம் 100 லிட்டரைக் கரியோடு சரிபாதியாகக் கலந்து, கையில் பிடித்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வடியும் அளவுக்கு நனைத்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் தயார். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களைச் சேர்ப்பதாக இருந்தால் கடைசி வாரத்தில், குவியல் குளிர்ந்தபின் சேர்க்கலாம்.

மாட்டுச் சிறுநீர் வேகமான வழி. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தண்ணீரில் அணைத்த கரி, நிரம்பிய குடம் போல. அதில் சிறுநீரை ஊற்றினால் உள்ளே ஏறாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். ஒன்று, கரியை நான்கைந்து நாள் வெயிலில் உலர்த்திவிட்டு ஊற்ற வேண்டும். அல்லது கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அணைத்து, சூடு முழுதும் ஆறும் முன் சிறுநீரில் நனைக்க வேண்டும். உலர்ந்த கரி 100 லிட்டருக்கு 50 லிட்டரில் தொடங்கி, கரி குடிக்கும் மட்டும் ஊற்றுங்கள். அடியில் தேங்கி நிற்கத் தொடங்கினால் நிறுத்திவிடலாம். மூடிய டிரம்மில் 14 நாள் இருக்கட்டும். மூடியைத் திறந்ததும் கண் எரியும் அளவுக்கு அமோனியா வந்தால் தழைச்சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். கரியின் காரத்தன்மைதான் அமோனியத்தை அமோனியாவாக மாற்றித் துரத்துகிறது. உடனே சம அளவு மட்கைக் கலந்து மூடிவிடுங்கள்.

இரசாயன உரம்தான் கையில் இருக்கிறது என்றால், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரம் 500 கிராமை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து உலர்ந்த கரியில் ஊற்றி இரண்டு நாள் ஊறவிடலாம். யூரியாவைத் தனியாகக் கரியில் ஊற்றாதீர்கள். மேலே சொன்ன அமோனியாக் கதைதான் நடக்கும். இந்த முறையில் நுண்ணுயிர் எதுவும் சேர்வதில்லை என்பதால் இடும்போதாவது கொஞ்சம் மட்கு கலந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு, எங்கே, எப்படி

ஆய்வுகளில் அடிக்கடி வரும் அளவு ஹெக்டேருக்கு 10 டன். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, ஏக்கருக்கு 4 டன். கேட்க எளிது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4 டன் கரிக்கு 20 டன் காய்ந்த விறகு வேண்டும். மேலே சொன்ன குழியில் நூறு தடவைக்கு மேல் எரிக்க வேண்டும். வயல் முழுக்கத் தூவுவது வீட்டுத் தோட்டப் பாத்திக்குச் சரி, ஏக்கர் கணக்கில் சரிப்பட்டு வராது.

நல்ல வேளையாக அது தேவையும் இல்லை. நேபாளத்தில் பூசணியில் செய்து 2015-இல் வெளியான ஒரு சோதனையில் ஹெக்டேருக்கு வெறும் 750 கிலோ கரியை, சம கன அளவு மாட்டுச் சிறுநீரில் ஊறவைத்து, மட்கோடு வேர் பகுதியில் மட்டும் இட்டார்கள். சிறுநீரும் மட்கும் மட்டும் இட்ட பாத்திகளைவிட விளைச்சல் நான்கு மடங்கானது. கரியை ஊறவைக்காமல் மட்கோடு இட்ட பாத்திகளைவிட 85 சதவீதம் கூடுதல். ஒரே சோதனையை வைத்து நான்கு மடங்கை எல்லாரும் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் குறைந்த அளவு, ஊட்டமேற்றி, வேரருகில் என்ற வழி அதில் தெளிவாகத் தெரிகிறது.

அதன்படி ஏக்கருக்கு 200 முதல் 400 கிலோ கரி போதும். பயிருக்குத் தக்கபடி இடும் முறை மாறும்.

காய்கறி நடவில், ஏக்கருக்கு 5,000 செடி என்றால் செடிக்கு 60 கிராம் கரி. மட்கு சேர்த்த கலவையாக அரை லிட்டர். நடவுக் குழியில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் போட்டு, மேலே ஒரு விரற்கடை மண் தள்ளி நாற்றை நடுங்கள்.

வரிசை விதைப்பில், விதை வரிசைக்கு 5 செ.மீ. பக்கவாட்டில் 10 செ.மீ. ஆழச் சாலில் இட்டு மூடலாம். அடுத்த போகத்தில் அதே வரிசையில் விதைத்தால் கரி ஆண்டுக்காண்டு அங்கேயே சேரும்.

மரக்கன்றுக்கு, 60 செ.மீ. நீள அகல ஆழக் குழியில் கரி 10 லிட்டரை அதே அளவு மட்கோடு மேல்மண்ணில் கலந்து நிரப்புங்கள். அடியில் தனி அடுக்காகப் போட வேண்டாம். வளர்ந்த மரத்துக்கு, இலைவிதானத்தின் விளிம்புக்கு நேர் கீழே 20 முதல் 30 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, மீட்டருக்கு 2 முதல் 3 லிட்டர் கரி. பெருவேர் தட்டுப்பட்டால் அதை விட்டுச் சுற்றிப் போங்கள். ஒரே ஆண்டில் முழுவட்டமும் தோண்டாமல் இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு பாதி என்று செய்யலாம்.

தொட்டிக்கும் நாற்றங்காலுக்கும் கலவையின் கன அளவில் 5 முதல் 10 சதவீதம். பத்து லிட்டர் தொட்டிக்கு அரை முதல் ஒரு லிட்டர். நெல் வயலில், காய்ந்த கரி தண்ணீரில் மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். மட்கோடு பிசைந்து, சேற்றுழவின்போது இட்டு மிதித்துவிடுங்கள்.

எந்த முறையானாலும் கரி ஈரமாக இருக்கட்டும், காற்று அடங்கிய நேரமாக இருக்கட்டும். காய்ந்த கரியை விட்டு மண்புழு விலகிப் போகும். நனைத்து இட்டால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

பயிர் காட்டும் அறிகுறிகள்

அடி இலைகள் முதலில், ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துப் பசி. கரி போதிய அளவு ஊறவில்லை. மேலுரமாகத் தழைச்சத்து கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை திரும்பும்.

கொழுந்து இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புப் பற்றாக்குறை. மண்ணின் பி.எச். ஏறியிருக்கிறது. இதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. இலைவழியாக இரும்புச்சத்து தெளித்துவிட்டு, இனி அந்த இடத்தில் கரியை நிறுத்துங்கள்.

இலை விளிம்பு கருகினால் உப்பு. கோழி எருக்கரியிலும், அதிகம் சிறுநீர் ஏற்றிய கரியிலும் இது நடக்கும். நன்றாகத் தண்ணீர் விட்டு உப்பை இறக்க வேண்டும்.

களைக்கொல்லி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அட்ரசின், டையூரான் போன்று மண்ணில் தெளிக்கும் மருந்துகளைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். அதற்காக அளவைக் கூட்டித் தெளிப்பது தவறான தீர்வு. கரி இட்ட பகுதியில் கைக்களைக்கோ மூடாக்குக்கோ மாறிவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பது

முதல் ஆண்டே வயல் முழுக்க இடாதீர்கள். ஒரே நிலத்தில் மூன்று வகைப் பாத்திகள் போடுங்கள்: வழக்கம்போல் ஒன்று, மட்கு மட்டும் ஒன்று, மட்கோடு கரி ஒன்று. ஒவ்வொன்றையும் நான்கு இடத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டாவது வகையை விட்டுவிட்டால், வந்த பலன் மட்கினாலா கரியினாலா என்று கடைசிவரை தெரியாது. அறுவடையை எடை போட்டு எழுதுங்கள். கடைசித் தண்ணீர் விட்ட பிறகு எத்தனையாம் நாள் வாடத் தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். மணற்பாங்கான மண்ணில் விளைச்சலுக்கு முன்னால் இதில்தான் மாற்றம் தெரியும்.

கரி மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், அது பிடித்து வைத்த சத்து நிற்காது. எனவே அடுத்தடுத்த போகங்களில் புதிதாகக் கரி போடாவிட்டாலும் மட்கும் உரமும் வழக்கம்போல் போக வேண்டும்.

அறுவடை முடிந்ததும் நாலைந்து செடிகளை மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி, மண்ணை உதறாமல் வாளித் தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள். கரித்துண்டைச் சுற்றி வெண்வேர்கள் பின்னி, அலசினாலும் விடாமல் தொங்கிக்கொண்டிருந்தால் இட்ட இடம் சரி. துண்டுகள் வேர் ஒட்டாமல் தனியாகக் கழன்று வாளியின் அடிக்குப் போனால், ஊட்டம் போதவில்லை அல்லது வேர் எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. அடுத்த போகத்துக்கு ஊறவைக்கும் நாளை இரட்டிப்பாக்கி, 5 செ.மீ. மேலே இட்டுப் பாருங்கள்.